பாதியில் நிற்கும் பாடசாலைக் கட்டடம்: யாரிடம் எதைக் கேட்பது?





எமது பாடசாலையின் மூன்று மாடிக் கட்டடம் பற்றி இரண்டு வாரமாக ஊர் முழுக்கப் பேச்சு. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் அதே கதை. தேநீர்க் கடையிலும் அதே கதை. வட்ஸ்அப் குழுக்களில் ஆட்களை நீக்கும் அளவுக்குப் போய்விட்டது. "கொந்தராத்துக்காரன் காசை அடிச்சிட்டுப் போயிட்டான்" என்கிறது ஒரு பக்கம். "அரசாங்கம் பில்லுக்குக் காசு கொடுக்கல்ல, அவன் என்ன செய்வான்?" என்கிறது மறுபக்கம். "எல்லாரும் கொமிஷன் எடுத்தாச்சு, இனி அது எழும்பாது" என்று கையை விரிப்பவர்கள் மூன்றாவது பக்கம். அடிக்கல் நட்டது எந்தக் கட்சி, வேலை நின்றது எந்தக் கட்சியின் காலத்தில் என்று இன்னொரு விவாதம் தனியாக ஓடுகிறது.

இதில் எது சரி? எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பேசுகிற ஒருவரின் கையிலும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஒப்பந்தத் தொகை எவ்வளவு, எந்தத் திகதியில் முடிந்திருக்க வேண்டும், இதுவரை எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இந்தப் பதிவை எழுதக் காரணம் அதுதான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். இதில் எவருடைய பெயரும் இல்லை. நாம் அரச உத்தியோகத்தர்கள், தாபனக் கோவை எமக்கு இட்டிருக்கும் வரம்பை அறிவோம். வேறொரு காரணமும் உண்டு. பெயரைப் போட்ட உடனே விடயம் போய்விடும், ஆள் மட்டும் மிஞ்சுவார். அவர் எந்தக் குடி, யாருடைய மச்சான், போன தேர்தலில் யாருக்கு வேலை செய்தார் என்று பேச்சுத் திரும்பிவிடும். கட்டடம் அப்படியே நிற்கும்.

*பிள்ளைகளின் கணக்கு*

2019ஆம் ஆண்டு அடிக்கல் நட்ட அன்று பேண்ட் வாத்தியத்தோடு அதிதிகளை வரவேற்றார்களே, அந்தத் தரம் 6 பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வருடத்தில் கட்டடம் முடியும் என்று மேடையில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் தரம் 11 முடித்து, 2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சையையும் எழுதிவிட்டு வெளியேறிவிட்டார்கள். ஆறு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பாடவேளைகூட அவர்கள் இருந்ததில்லை.

பழைய கட்டடத்தை உடைத்துத்தான் புதியதுக்கு இடம் எடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறு வகுப்புகள் தகரக் கொட்டகையில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பதினொரு மணிக்குப் பிறகு அங்கே பாடம் என்று ஒன்று நடப்பதில்லை. பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். மாரியில் தகரத்தில் மழை விழுந்தால் ஆசிரியரின் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. கல்வியியற் கல்லூரியில் வகுப்பறை வெளிச்சம், காற்றோட்டம், இருக்கை ஒழுங்கு பற்றியெல்லாம் படித்து, பரீட்சையும் எழுதிவிட்டுத்தான் நாம் வந்தோம். இங்கே ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் கணிதமும் அந்தப் பக்கம் வரலாறும் ஒன்றாக நடக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கான மலசலகூடம் புதிய கட்டடத்தின் திட்டத்துக்குள் இருக்கிறது. அது முடியும் வரை என்று தற்காலிகமாக ஒதுக்கியவைதான் இன்றும் பாவனையில். அங்கே போவதைத் தவிர்ப்பதற்காகக் காலையில் தண்ணீர் குடிக்காமல் வரும் மாணவிகள் இருக்கிறார்கள் என்பது எமது ஆசிரியைகள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் உம்மாமாருக்கும் தெரியும். கொமிஷன் பற்றிப் பேசுகிற எவரும் இதைப் பேசுவதில்லை.

பாதியில் நிற்கும் கட்டடம் சும்மா நிற்பதும் இல்லை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் கடற்காற்றில் துருப்பிடிக்கின்றன. வேலை மீண்டும் தொடங்கும் அன்று பொறியியலாளர் அவற்றைப் பரிசோதித்து, துருவைச் சுரண்டுவதா, வெட்டி மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கும் காசு வேண்டும். கொங்கிறீட் தட்டில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. அடைத்த வேலித் தகரம் விழுந்து, இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் உள்ளே ஓடுகிறார்கள். தாமதம் ஒவ்வொரு மாதமும் ஒரு பில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

*தாமதம் மூன்று வகை*

அரச கட்டட வேலை வாய்ப்பேச்சில் நடப்பதில்லை. விலைமனு கோரி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு, என்ன விலை என்று பீஓகியூ போட்டுத்தான் தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்து தரப்படுத்துவதற்கென்றே 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. முன்பு இக்டாட் என்று சொன்னோமே, அதுதான் இப்போது சீடா.

அந்த ஒப்பந்தத்தின் கண்ணில் தாமதம் என்பது ஒன்றல்ல.

முதலாவது, வேலையைக் கொடுத்த தரப்பின் தாமதம். இடத்தைக் காலம் தாழ்த்தி ஒப்படைத்தல், வரைபடத்தை இடையில் மாற்றுதல், அத்தாட்சிப்படுத்திய பில்லுக்குக் காசு கொடுக்காமல் வைத்திருத்தல். இப்படி நடந்தால் ஒப்பந்தக்காரருக்குக் காலநீடிப்புக் கேட்க உரிமை உண்டு.

இரண்டாவது, ஒருவர் கையிலும் இல்லாத தாமதம். 2020இல் கொரோனா ஊரடங்கு, வழமையை மீறிய வெள்ளம் போன்றவை. இதற்கும் நியாயமான காலநீடிப்பு உண்டு.

மூன்றாவது, ஒப்பந்தக்காரரின் சொந்தத் தாமதம். ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் வேலை எடுத்து, இங்கே உள்ள ஆட்களையும் மிக்சரையும் அங்கே கொண்டு போவது. இங்கே எடுத்த முற்பணத்தை அங்கே போடுவது. இதற்குத்தான் தாமதத்துக்கான நட்டஈடு. நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வழமையாக அது ஒப்பந்தப் பெறுமதியின் 10 வீதத்துக்கு மேல் போகாது.

ஒரே கட்டடத்தில் இந்த மூன்றும் கலந்திருக்கும். எமது கட்டடத்திலும் கலந்துதான் இருக்கிறது என்பது நாம் கண்ணால் கண்டது. 2020இல் பல மாதங்கள் ஊரே அடைபட்டிருந்தது. 2021இல் கீழ்த்தளமும் முதலாம் மாடித் தூண்களும் எழும்பின. 2022இல் எல்லாம் நின்றது. 2023இல் மூன்று வாரம் ஆட்கள் வந்து கொஞ்சம் சுவர் கட்டினார்கள். பிறகு ஒரு நாள் லொறி வந்து மிக்சரையும் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. எந்த மாதம் யாருடைய கணக்கில் விழும் என்று பிரிக்கக் கடிதங்களும் பில்களும் வேண்டும். "அடிச்சிட்டான்" என்ற ஒரு சொல்லால் அதைப் பிரிக்க முடியாது. "பாவம் அவன்" என்ற சொல்லாலும் முடியாது.

*2022 எதை மாற்றியது?*

ஒப்பந்தக்காரரின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை 2022 நடுப்பகுதிக்குப் பிறகு மூவாயிரத்தைத் தாண்டியது. கம்பியும் அப்படியே. டீசலுக்கு லொறிகள் நாள் கணக்கில் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 விலையில் கையெழுத்திட்ட ஒருவர் அந்த விலையில் தட்டுப் போட்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான். நீண்ட கால ஒப்பந்தங்களில் விலையேற்றத்தை ஈடுசெய்யச் சூத்திரம் ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சூத்திரப்படி கணக்கு வந்தாலும் கொடுக்கக் காசு வர வேண்டுமே.

இங்கே பலருக்குப் புரியாத ஒரு விடயம் இருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு என்பது வேறு, திறைசேரியிலிருந்து வரும் கட்டுநிதி என்பது வேறு. "எங்கட பாடசாலைக்கு இத்தனை மில்லியன் ஒதுக்கியாச்சு" என்று பதாகை அடிப்பது ஒதுக்கீட்டை வைத்து. பில்லுக்குக் காசோலை எழுதுவது கட்டுநிதி வந்தால்தான். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகும், அடுத்த வருடம் மீண்டும் கேட்க வேண்டும். மேடையில் ஒதுக்கீட்டைச் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்கள் கட்டுநிதி பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகவே 2022இல் வேலை நின்றதற்கு ஒப்பந்தக்காரரை மட்டும் பிடித்துத் தொங்குவது நீதியில்லை. அதே நேரம் 2022ஐக் காட்டி இன்றைய நாள்வரை தப்பிக்கவும் முடியாது. சீமெந்து விலை பின்னர் இறங்கியது. எரிபொருள் வரிசை போய்விட்டது. நாட்டில் எத்தனையோ பாடசாலைக் கட்டடங்கள் அதற்குப் பிறகு மீண்டும் தொடங்கி முடிந்திருக்கின்றன. 2023இல் வந்து மூன்று வாரத்தில் லொறி ஏன் திரும்பிப் போனது என்பதுதான் இப்போது பதில் தேவைப்படும் கேள்வி. கொடுக்க வேண்டிய பில் கொடுபடவில்லையா? கொடுபட்டும் ஆட்கள் வேறு இடத்துக்குப் போனார்களா? இந்த இரண்டில் எது என்று ஒரேயொரு பில் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*பிணைக்கும் ஒரு திகதி உண்டு*

அவசரம் இங்கேதான். தயவு செய்து இந்தப் பகுதியை மட்டுமாவது முழுமையாக வாசியுங்கள்.

அரச ஒப்பந்தத்தில் பொதுமக்களின் காசைக் காப்பாற்றச் சில பூட்டுகள் போட்டிருக்கிறார்கள். முற்பணம் 20 வீதம் வரை கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பிணை வாங்க வேண்டும். வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு வழமையாக ஒப்பந்தப் பெறுமதியின் 5 வீதத்துக்குச் செயலாற்றுகைப் பிணை இருக்கும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். கட்டி முடித்து, குறைகள் திருத்தி ஒப்படைத்த பிறகுதான் அது முழுமையாக விடுபடும்.

இந்தப் பிணைகள் வங்கியோ காப்புறுதி நிறுவனமோ கொடுக்கும் கடதாசிகள். ஒவ்வொன்றிலும் காலாவதித் திகதி இருக்கிறது. காலநீடிப்புக் கொடுக்கும்போது பிணையையும் நீடிக்க வேண்டும். நீடிக்காமல் திகதி போய்விட்டால் அந்தக் கடதாசியால் ஒரு பிரயோசனமும் இல்லை. நாளை ஒப்பந்தத்தை இரத்துச் செய்தாலும் அந்தக் காசை வங்கியிடம் கேட்க முடியாது.

எமது கட்டடத்தின் பிணை இன்று உயிரோடு இருக்கிறதா? இந்த இரண்டு வாரச் சண்டையில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்சிக்காரர்கள் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு மேடைதான் வேண்டும். அதிகாரிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவில்லையே. ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தும்போது நிம்மதியாக இருப்பவர்கள், இந்தத் திகதியைக் கவனிக்க வேண்டிய கடமை உள்ளவர்கள்தான்.

*வாய்ப்பேச்சுக் கணக்குகள்*

கேற்றை மறித்து மேசன்மார் நின்ற நாளை எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்குக் கூலி வரவில்லை. எமது ஊர் ஹாட்வெயார்க் கடைக்குச் சீமெந்துக் காசு வரவில்லை. மணல் ஏற்றிய லொறிக்காரருக்கும் வரவில்லை. பெரிய ஒப்பந்தக்காரர் "நான் உள்ளூர் ஆளிடம் கொடுத்துட்டேன்" என்கிறார். உள்ளூரில் வேலையை எடுத்தவர் "எனக்கு அவர் தரல்ல" என்கிறார். இவர்கள் இருவருக்கும் இடையில் எழுத்தில் ஒன்றும் இல்லை. "தெரிஞ்ச மனிசன்தானே, எப்படி எழுதிக் கேட்பது?" என்ற வெட்கம்.

இந்தக் கணக்குகள் அரசின் ஒப்பந்தத்துக்குள் வராது. அரசு ஒப்பந்தக்காரருக்குத்தான் கடமைப்பட்டது, அவர் யாரிடம் கடனுக்குச் சீமெந்து எடுத்தார் என்பது அரசின் பதிவேட்டில் இல்லை. அதனால்தான் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்ட மேசன்மார் வெறுங்கையோடு திரும்பினார்கள். கூலிப் பிரச்சினைக்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் பிணக்குக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபை இருக்கிறது. கைவசம் உள்ள சிட்டைகள், வட்ஸ்அப் செய்திகள், வேலை செய்த நாட்களைக் குறித்த கொப்பி எதையும் எறிந்துவிடாமல் அவற்றோடு அங்கே போகச் சொல்லுங்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மத்ரஸாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது. எழுதிக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க எமக்கு ஒரு காரணமும் இல்லை.

*ஊர்க்காசில் முடித்துவிடலாமா?*

இப்போது ஒரு யோசனை வேகமாகப் பரவுகிறது. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமாரிடம் சேர்த்து, ஊரில் வசதியானவர்களிடமும் எடுத்து, கட்டடத்தை நாமே முடித்துவிடலாம் என்று. இதைச் சொல்பவர்களின் நிய்யத் நல்லது, சந்தேகமே இல்லை. இந்த ஊரின் எத்தனையோ காரியங்கள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. ஆனாலும் இந்தக் கட்டடத்தில் அதை இப்போது செய்யக் கூடாது என்பது எமது உறுதியான கருத்து. பலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறோம். காரணங்கள் இவை.

ஒன்று, ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தால் அந்த இடம் ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் இருக்கிறது. நாம் கட்டும் சுவரை நாளை யார் அளப்பது? இதுவரை நடந்த வேலையை இரு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்திடும் முன் ஊர் ஒரு கல் வைத்தாலும், எது யார் கட்டியது என்ற எல்லை அழிந்துவிடும். ஊர்க்காசில் கட்டிய சுவருக்கு அரசிடம் பில் போடவும் வழி பிறக்கும்.

இரண்டு, நாளை ஒரு தூணில் வெடிப்பு வந்தால் யார் பொறுப்பு? ஒப்பந்தக்காரர் ஊரைக் காட்டுவார். பொறியியலாளரும் ஊரைக் காட்டுவார். மேலே இருப்பது பிள்ளைகள்.

மூன்று, அந்தத் தம்பிமார் நாற்பத்தைந்து பாகை வெயிலில் உழைத்து அனுப்பும் காசு அது. அவர்களின் குடும்பங்கள் இங்கே சீமெந்துக்கும் பாணுக்கும் வரி கட்டியாயிற்று. அரசு ஒரு தடவை எமது வரிக்காசில் இந்தக் கட்டடத்துக்குச் செலவழித்திருக்கிறது. அது எங்கே போனது என்று கேட்காமல் இரண்டாவது தடவையும் கொடுத்தால், அடுத்த கட்டடமும் இப்படித்தான் நிற்கும். "அவங்கட ஊர் ஆட்களே முடிச்சிடுவாங்க" என்ற பெயர் எமக்கு வேண்டாம்.

உதவ விரும்புபவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கொட்டகைக்கு வெப்பம் தாங்கும் கூரைத் தட்டிகள், மின்விசிறிகள், பெண் பிள்ளைகளுக்கு முறையான மலசலகூடத் தொகுதி ஒன்று. இவை ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ளவை. வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதியோடு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கினூடாகச் செய்யலாம். அடுத்த கச்சான் காலத்துக்கு முன் செய்துவிடவும் முடியும்.

*கேட்க வேண்டிய கேள்விகள்*

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கு இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களைப் பற்றிய தகவல்களை, நாம் கேட்பதற்கு முன்பே மக்களுக்கு அறிவிப்பது அவர்களின் கடமை. வேலைத்தலத்தில் தொகை, தொடக்கத் திகதி, முடிவுத் திகதி எழுதிய பலகை இருக்க வேண்டும். எமது பலகையில் அதிதிகளின் படங்கள் இருந்தன. வெயிலில் அவையும் வெளிறிவிட்டன.

கேட்க வேண்டியவை இவை:

1. இந்த ஒப்பந்தத்தில் வேலையைக் கொடுத்த நிறுவனம் எது? மாகாணக் கல்வித் திணைக்களமா, மத்திய கல்வி அமைச்சா, வேறொன்றா? (இது தெரியாததால்தான் இதுவரை கொடுத்த மகஜர்கள் மேசைக்கு மேசை சுற்றுகின்றன.)

2. ஒப்பந்தத் தொகை எவ்வளவு? ஆரம்பத் திகதி, முடிவுத் திகதி எவை?

3. எத்தனை தடவை காலநீடிப்புக் கொடுக்கப்பட்டது? ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட காரணம் என்ன?

4. இதுவரை சமர்ப்பித்த பில்கள், அத்தாட்சிப்படுத்திய தொகை, கொடுத்த தொகை, கொடுத்த திகதி.

5. முற்பணம் எவ்வளவு? அதில் எவ்வளவு திரும்ப அறவிடப்பட்டது?

6. முற்பணப் பிணை, செயலாற்றுகைப் பிணை இரண்டினதும் காலாவதித் திகதி என்ன?

7. தாமத நட்டஈடு அறவிடப்பட்டதா? இல்லையென்றால் ஏன்?

8. பொறியியலாளர் கடைசியாக வேலைத்தலத்துக்கு வந்தது எப்போது? அவர் எழுதிய அறிக்கையின் பிரதி.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. "இது வியாபார இரகசியம்" என்று சொன்னால் பின்வாங்க வேண்டாம். பொதுநலன் பெரிதாக இருந்தால் விதிவிலக்கைக் காட்டி மறுக்க முடியாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது.

பாடசாலையில் ஏற்கனவே ஒரு சான்றும் இருக்கிறது. அதிபர் நாளாந்தம் எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகம். ஆட்கள் வந்த நாள், போன நாள், லொறி வந்த நாள் அதில் பதிவாகியிருக்கும். அதிகாரிகளின் கோப்பில் உள்ள திகதியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

*பதில் வந்த பிறகு*

"உடனே ஒப்பந்தத்தை இரத்துச் செய்" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். இரத்துச் செய்வது தேவைப்படலாம். ஆனால் இரத்துச் செய்தால் நடந்த வேலையை அளக்க வேண்டும், மிச்ச வேலைக்கு இன்றைய விலையில் புதிய மதிப்பீடு போட வேண்டும், மீண்டும் விலைமனு கோர வேண்டும். ஒப்பந்தக்காரர் பிணக்கை நடுத்தீர்ப்புக்குக் கொண்டு போனால் அதற்கும் காலம் எடுக்கும். ஆகவே கடதாசியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எமது நிலைப்பாடு இதுதான். அரசின் பில் நிலுவை உண்மையாக இருந்தால், ஊர் ஒன்றாகப் போய்க் கேட்க வேண்டியது திறைசேரிக் கட்டுநிதியை. அது கொடுபட்டவுடன் மாத வாரியான வேலை அட்டவணையோடு ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடைசித் தவணை, பிணையையும் நீடித்து. நிலுவை இல்லாமல் வேலை நின்றிருந்தால், பிணை காலாவதியாகும் முன் இரத்துச் செய்து அந்தக் காசை எடுக்க வேண்டும். அவர் யாருடைய ஆள் என்பது இதில் ஒரு கணக்கே இல்லை. அவர் எமது ஊர் ஆளாக இருந்தாலும் இதையேதான் சொல்வோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசி, ஸலவாத்தோடு முடிக்கும் விடயம் இதுவல்ல. பொதுச் சொத்து ஒரு அமானிதம், அதற்குக் கணக்கு வேண்டும். கணக்கு வந்த பிறகு சமரசம் பேசலாம். கட்சிச் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்று நேரலை போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். உங்கள் தலைவர்களிடம் கட்டுநிதி பற்றிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வாருங்கள். அது வந்தால் நாமே உங்களைப் பாராட்டிப் பதிவு போடுவோம்.

மேலே உள்ள எட்டுக் கேள்விகளையும் விண்ணப்பமாகத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறோம். விண்ணப்பம் ஒரு பிரஜையின் பெயரில் போக வேண்டும். தரம் 6இலும் 7இலும் பிள்ளைகள் படிக்கும் பெற்றார் ஐந்து பேர், ஐந்து விண்ணப்பமாகவே போடட்டும். ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும். இந்தக் கிழமை பாடசாலை விட்ட பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். தேசிய அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.